பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்கிற்குப் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம்

வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற நிலை மாறி, இன்று ஒரே வீட்டில் இரண்டு லேப்டாப், நான்கு மொபைல் போன், ஒரு டிவி என அனைத்தும் ஒரே இண்டர்நெட் இணைப்பில் இயங்குகின்றன. இவை எல்லாவற்றிலும் உள்ள போட்டோ, பாடல், வீடியோ பைல்களை ஒரே இடத்தில் வைத்துக் கொண்டால் எவ்வளவு வசதி? இதற்கென்றே உருவானதுதான் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சாதனம். சுருக்கமாக இதனை நாஸ் என்று அழைப்பார்கள்.

பென் டிரைவ் அல்லது வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே செருகிப் பயன்படுத்த முடியும். நாஸ் சாதனத்தை ரௌட்டரில் ஒரு கேபிள் மூலம் இணைத்து விட்டால் போதும். வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் அதனை ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம்.

சரி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நாஸ் ஒன்று உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ இருக்கிறது. அல்லது பழைய பொருள் விற்கும் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை அப்படியே மாட்டிப் பயன்படுத்தலாமா? கூடாது என்பதே என் பதில். ஏன் கூடாது, அதற்கு மாற்று வழி என்ன என்பதை ஓர் உண்மையான சாதனத்தை வைத்தே பார்ப்போம். நான் எடுத்துக் கொண்டிருப்பது வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ்.

பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

நாஸ் சாதனத்தைப் பார்த்தால் ஒரு தடித்த புத்தகம் போலத்தான் இருக்கும். மானிட்டர் இல்லை, கீ போர்ட் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது ஒரு முழுமையான கம்ப்யூட்டர். மை புக் லைவ் சாதனத்தில் 800 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பவர் பிசி வகை ப்ராசசர் உள்ளது. 256 மெகாபைட் ராம் உள்ளது. கிகாபிட் நெட்வொர்க் இணைப்பு உள்ளது. இவற்றுடன் 1, 2 அல்லது 3 டெராபைட் கொள்ளளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமே? உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் இருப்பது போல, இதன் உள்ளே லினக்ஸ் இயங்குகிறது. நிறுவனமே தயாரித்து, சாதனத்துடன் சேர்த்துத் தரும் இத்தகைய சாப்ட்வேர் தொகுப்பை பர்ம்வேர் என்பார்கள். விண்டோஸ் தொகுப்பிற்கு அவ்வப்போது அப்டேட் வருவது போல, பர்ம்வேருக்கும் அப்டேட் வர வேண்டும். அதில் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட வேண்டும்.

பிரச்னை இங்குதான் தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்க் பத்து ஆண்டுகள் கூட உழைக்கும். ஆனால் நிறுவனம் அத்தனை ஆண்டுகள் அப்டேட் தருவதில்லை. மை புக் லைவ் 2010ல் விற்பனைக்கு வந்தது. இதற்கான கடைசி பர்ம்வேர் அப்டேட் 2015ல் வழங்கப்பட்டது. அதன் பின் எதுவும் இல்லை. சாதனம் மட்டும் வீடுகளில் ஓடிக் கொண்டே இருந்தது.

2021 ஜூனில் நடந்தது என்ன?

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23, 24 தேதிகளில் உலகின் பல நாடுகளில் இந்தச் சாதனத்தை வைத்திருந்தவர்கள் அதிர்ந்து போனார்கள். போல்டர்கள் அப்படியே இருந்தன. உள்ளே ஒரு பைல் கூட இல்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் போட்டோக்கள், அலுவலகக் கோப்புகள் எல்லாம் காலி. யாரோ இண்டர்நெட் வழியாக உள்ளே வந்து, சாதனத்தைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பும் கட்டளையை இயக்கியிருந்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? இரண்டு ஓட்டைகள் காரணம். ஒன்று 2018லேயே வெளியில் தெரிந்த ஓட்டை. அது வழியாக வெளியிலிருப்பவர் சாதனத்தில் தன் விருப்பப்படி கட்டளைகளை இயக்கலாம். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அப்டேட் நின்று போனதால், அது அடைக்கப்படவே இல்லை.

இரண்டாவது இன்னும் வேடிக்கையானது. எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை இயக்கும் முன் பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் அல்லவா? அதற்கான புரோகிராம் வரிகள் உள்ளே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவை இயங்காதபடி குறிப்பு வரிகளாக மாற்றப்பட்டிருந்தன. 2011 ஏப்ரலில் பாஸ்வேர்ட் சோதிக்கும் முறையைத் திருத்தி எழுதியபோது இந்த ஓட்டை நுழைந்தது என்று நிறுவனமே பின்னர் தெரிவித்தது. வீட்டுக்குப் பூட்டு வாங்கி, அதை மாட்டாமல் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிட்டது போலத்தான் இது.

உடனே இணைப்பைத் துண்டிக்கும்படி நிறுவனம் எல்லோரையும் கேட்டுக் கொண்டது. 2021 ஜூலை முதல், பாதிக்கப்பட்டவர்களின் டேட்டாவை மீட்டுத் தரும் சேவையையும் அறிவித்தது.

எங்கள் வீட்டிலும் 1 டெராபைட் மை புக் லைவ் ஒன்று இருந்தது. பள்ளியில் படித்த காலத்திலிருந்து அப்பா அதில் போட்டோக்களைச் சேர்த்து வந்தார். தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து வைத்ததும் அதில்தான். இந்தச் செய்தியைப் படித்த அன்றே அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். சாதனம் நன்றாகவே இருந்தது. அதை நம்பி மீண்டும் மாட்டத்தான் மனம் வரவில்லை. பின்னர் கீழே சொல்லப் போகும் வழியில் அதற்கு வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் பதிந்தேன்.

மாற்று ஆபரேட்டிங் சிஸ்டம் புதிய விஷயமா?

இல்லை. 2004ல் லிங்க்ஸிஸ் நிறுவனம் என்.எஸ்.எல்.யு.2 என்ற சிறிய பெட்டியை வெளியிட்டது. யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்கை நெட்வொர்க்கில் இணைக்கும் வேலையை மட்டும் அது செய்தது. அதில் இருந்த ராம் வெறும் 32 மெகாபைட். ஆர்வலர்கள் அதற்கு ஸ்லக் என்று செல்லப் பெயரிட்டு, அதில் தங்களுக்கு வேண்டிய லினக்ஸ் தொகுப்புகளைப் பதிந்து பார்த்தார்கள். 2007ல் வந்த டெபியன் 4.0 பதிப்பை இதில் இன்ஸ்டால் செய்ய முடிந்தது.

இதே காலத்தில், 2004ல் தொடங்கியதுதான் ஓபன் டபிள்யு.ஆர்.டி. என்னும் திட்டம். லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்ற ரௌட்டரின் சோர்ஸ் கோட் வெளியிடப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு இது வளர்ந்தது. பெயரில் உள்ள டபிள்யு.ஆர்.டி. அந்த ரௌட்டரிலிருந்து வந்ததே. இன்று பல நூறு வகை ரௌட்டர்களுக்கும் சில நாஸ் சாதனங்களுக்கும் இது இலவசமாகக் கிடைக்கிறது.

மை புக் லைவ் உள்ளே ஏற்கனவே இருப்பதும் டெபியன் சார்ந்த லினக்ஸ்தானே, புதிய டெபியனையே பதியலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2017ல் வெளியான டெபியன் 9 முதல் இந்த வகை பவர் பிசி ப்ராசசருக்கான ஆதரவு நிறுத்தப்பட்டு விட்டது. எனவே ஓபன் டபிள்யு.ஆர்.டி. தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். நான் பதிந்தது 2023 அக்டோபரில் வந்த 23.05 பதிப்பு. நீங்கள் பதியும்போது, அந்தத் திட்டத்தின் தளத்தில் உங்கள் சாதனத்தின் பெயரைத் தேடி, அதற்கெனக் காட்டப்படும் பதிப்பையே எடுக்கவும்.

இந்தச் சாதனத்தில் ஒரு நல்ல வசதி

பல நாஸ் சாதனங்களில் ஆபரேட்டிங் சிஸ்டம் மதர் போர்டில் உள்ள பிளாஷ் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றும்போது பாதியில் மின்சாரம் போனால், சாதனம் செங்கல்லாகி விடும். பின் அதை உயிர்ப்பிப்பது கடினம்.

மை புக் லைவ் அப்படி அல்ல. இதன் பிளாஷ் சிப்பில் இருப்பது யுபூட் என்ற மிகச் சிறிய புரோகிராம் மட்டுமே. மின்சாரம் வந்ததும் அது விழித்துக் கொண்டு, ஹார்ட் டிஸ்கில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடி இயக்கும். நாம் மாற்றப் போவது ஹார்ட் டிஸ்கில் உள்ளதை மட்டுமே. யுபூட்டைத் தொடப் போவதில்லை.

இதிலிருந்து ஓர் அருமையான வழி கிடைக்கிறது. பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு டிஸ்கில் புதிய சிஸ்டத்தைப் பதிந்து மாட்டலாம். சரிவரவில்லை என்றால் பழைய டிஸ்கை மாட்டினால் சாதனம் பழைய நிலைக்கே வந்து விடும். பழைய டிஸ்கின் மீதே எழுதவும் முடியும். ஆனால் எழுதிய நொடியில் அதிலுள்ள அனைத்தும் போய் விடும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் அந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை.

தேவையான பொருட்கள்

1. 3.5 அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று. பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் கழற்றியது போதும். ஓபன் டபிள்யு.ஆர்.டி. இமேஜ் பைல் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் டிஸ்கைப் பிரிப்பதால், 2 டெராபைட்டுக்கு மேல் வாங்கிப் பயனில்லை. ஒற்றை டிஸ்க் கொண்ட மை புக் லைவ் உள்ளே மின்விசிறி கிடையாது. எனவே அதிகம் சூடாகாத, 5400 சுற்று வேகம் கொண்ட டிஸ்க் நல்லது.

2. சாட்டா டிஸ்கை யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் கன்வர்ட்டர். இதற்குத் தனியாக மின் இணைப்பு அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 3.5 அங்குல டிஸ்கிற்கு 12 வோல்ட் தேவை. லேப்டாப் டிஸ்கிற்கான வெறும் கேபிள் இதனை இயக்காது.

3. பேக் அப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்.

4. ஒரு பென் டிரைவ், சிறிய ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய பிளாஸ்டிக் கார்ட் ஒன்று.

5. இயன்றால் யு.பி.எஸ். எழுதும்போதும் காப்பி செய்யும்போதும் மின்சாரம் போகாமல் இருக்கும்.

முதல் வேலை பேக் அப்

சாதனத்தைத் திறக்கும் முன்பே பேக் அப் எடுத்து விடுங்கள். கழற்றிய பிறகு டிஸ்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காப்பி செய்து கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது எளிதல்ல. இதற்குக் காரணம் உண்டு.

ஹார்ட் டிஸ்கில் பைல்கள் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து எழுதப்படுகின்றன. வழக்கமான லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் 4 கிலோபைட். மை புக் லைவ் தன் டேட்டா பகுதியில் பயன்படுத்துவதோ 64 கிலோபைட் கட்டங்கள். நெடுங்காலமாகவே சாதாரண கம்ப்யூட்டரில் உள்ள லினக்ஸ் இத்தகைய டிஸ்கைத் திறக்க மறுத்து வந்தது. விண்டோஸ் இந்த பைல் சிஸ்டத்தை அறியவே அறியாது. தனி புரோகிராம்களைக் கொண்டு எடுக்க முடியும் என்றாலும், புதியவர்களுக்கு அது தலைவலி. சாதனம் இயங்கும்போதே அதன் வழியாகக் காப்பி செய்வதே எளிது.

அப்படிச் செய்யும்போது சாதனம் இண்டர்நெட்டைத் தொடக் கூடாது. இண்டர்நெட் வரும் கேபிளை ரௌட்டரிலிருந்து கழற்றி விடுங்கள். ரௌட்டர் இயங்கட்டும். லேப்டாப்பும் நாஸும் அதில் கேபிள் மூலம் இணைந்திருக்கட்டும். வெளியுலகம் இல்லாமல் வீட்டுக்குள் மட்டும் நெட்வொர்க் இருக்கும். இப்போது வெளி ஹார்ட் டிஸ்கிற்கு எல்லா போல்டர்களையும் காப்பி செய்யுங்கள்.

நேரம் ஆகும். ஒரு நொடிக்கு 30 மெகாபைட் வேகம் என்று வைத்துக் கொண்டால், 500 கிகாபைட் காப்பியாக நாலரை மணி நேரத்திற்கு மேல் தேவை. இரவில் தொடங்கிவிட்டுத் தூங்கலாம்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் போல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அத்துடன் நிற்காமல், ஒவ்வொரு போல்டரிலும் இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் படம் திறக்கவில்லை என்றால் பேக் அப் எடுத்ததில் அர்த்தம் இல்லை.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. ஓபன் டபிள்யு.ஆர்.டி. தளத்தில் உள்ள பர்ம்வேர் தேர்வுப் பக்கத்தில் உங்கள் சாதனத்தின் பெயரை டைப் செய்யவும். பேக்டரி என்றும் சிஸ்அப்கிரேட் என்றும் இமேஜ் பைல்கள் காட்டப்படும். முதல் முறை பதிய பேக்டரி என்ற பெயர் கொண்டது தேவை. அதிலும் இஎக்ஸ்டி4 என்று குறிப்பிட்டுள்ளதை நான் எடுத்துக் கொண்டேன்.

2. டவுண்லோட் செய்த பைல் சரியாக வந்துள்ளதா எனச் சோதிக்கவும். அந்தப் பக்கத்திலேயே ஷா256 என்று ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை தரப்பட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் 7-ஜிப் இருந்தால், பைலில் ரைட் கிளிக் செய்து அதே ஷா256 கணக்கைப் பெறலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் மீண்டும் டவுண்லோட் செய்யவும்.

3. மாற்று டிஸ்கை கன்வர்ட்டர் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கவும். முதலில் அதன் ஆரோக்கியத்தைச் சோதிக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் இதற்கு உதவும். ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் ஆகிய இரண்டு வரிகளில் எச்சரிக்கை நிறம் தெரிந்தால் அந்த டிஸ்க் வேண்டாம்.

4. பலேனா எட்சர் என்ற இலவச புரோகிராமை இயக்கவும். முதல் கட்டத்தில் இமேஜ் பைலையும், இரண்டாம் கட்டத்தில் எழுத வேண்டிய டிஸ்கையும் தேர்ந்தெடுக்கவும். இமேஜ் பைலை விரிக்கத் தேவையில்லை. எட்சரே விரித்து எழுதும்.

5. இங்கு ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த முழு வேலையிலும் ஆபத்தான இடம் இதுதான். டிஸ்கின் பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படித்துச் சரி பாருங்கள். பேக் அப் எடுத்த வெளி டிஸ்கை இதற்கு முன்பே கழற்றி வேறு அறையில் வைத்து விடுங்கள். அது இணைப்பில் இல்லை என்றால் அதன் மீது எழுத வழியே இல்லை. பெரிய டிஸ்க் என்பதால் எட்சர் ஓர் எச்சரிக்கை காட்டும். சரியான டிஸ்க்தான் என்று உறுதியானால் மட்டும் தொடரவும்.

6. எழுதி முடிந்ததும் விண்டோஸ் இந்த டிஸ்கை பார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கேன்சல் கொடுக்கவும். லினக்ஸ் பைல் சிஸ்டம் விண்டோஸுக்குப் புரியாததால் வரும் கேள்வி இது.

7. இமேஜ் சில நூறு மெகாபைட் இடத்தை மட்டுமே எடுத்துக் கொள்ளும். மீதி இடம் காலியாகவே இருக்கும். பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கி, ஜிபார்ட்டட் புரோகிராமைத் திறக்கவும். ஏற்கனவே உள்ள இரண்டு சிறிய பகுதிகளைத் தொடாமல், காலி இடத்தில் இஎக்ஸ்டி4 வகையில் ஒரு புதிய பகுதியை உருவாக்கவும். நம் பைல்கள் இருக்கப் போவது இதில்தான்.

சாதனத்தைத் திறத்தல்

மின் இணைப்பைக் கழற்றி விட்டுத் தொடங்கவும். வெளியில் திருகு எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் கொக்கிகளால்தான் பெட்டி மூடப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் கார்டை இடுக்கில் செருகி, கொக்கிகளை ஒவ்வொன்றாக மெல்ல விடுவிக்கவும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கொக்கி உடையும். உள்ளே டிஸ்குடன் சிறிய சர்க்யூட் போர்டு இணைந்திருப்பதைக் காணலாம். திருகுகளைக் கழற்றும் முன் மொபைல் போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது உதவும். டுவோ என்ற இரட்டை டிஸ்க் மாடலில் மேல் மூடியைத் திறந்தே டிஸ்க்குகளை எடுத்து விடலாம்.

கழற்றிய பழைய டிஸ்கில் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி, தனியாக எடுத்து வையுங்கள்.

முதல் முறை இயக்குதல்

புதிய டிஸ்கை மாட்டி, நெட்வொர்க் கேபிளை ரௌட்டரில் இணைத்து, மின்சாரம் கொடுக்கவும். ஐந்து நிமிடம் பொறுக்கவும். பின்னர் உங்கள் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்க்கவும். ஓபன் டபிள்யு.ஆர்.டி. என்ற பெயரும் அதற்கு ஒரு ஐ.பி. எண்ணும் இருக்கும். பட்டியலில் இல்லை என்றால், சாதனத்தையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக ஒரு கேபிளில் இணைத்து, 192.168.1.1 என்ற எண்ணை முயற்சிக்கவும்.

அந்த எண்ணை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் டைப் செய்தால் லூசி என்னும் நிர்வாகப் பக்கம் திறக்கும். பயனர் பெயர் ரூட். பாஸ்வேர்ட் எதுவும் இருக்காது. முதல் வேலையாக சிஸ்டம் மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் சென்று நல்ல பாஸ்வேர்ட் ஒன்றை அமைத்து விடுங்கள்.

அடுத்து சிஸ்டம் மெனுவில் சாப்ட்வேர் பிரிவுக்குச் சென்று, பட்டியலைப் புதுப்பிக்கும் பட்டனில் கிளிக் செய்திடவும். பின் இரண்டு தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யவும். ஒன்று பிளாக் மவுண்ட். டிஸ்க் பகுதிகளை இணைக்க உதவுவது. மற்றொன்று லூசி ஆப் சம்பா4; விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு போல்டர்களைப் பகிர்ந்து தருவது.

இனி சிஸ்டம் மெனுவில் மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கம் தென்படும். நாம் உருவாக்கிய பெரிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு பாதை கொடுத்து, எனேபிள் என்பதில் டிக் செய்து சேவ் செய்யவும். பின்னர் சர்வீசஸ் மெனுவில் நெட்வொர்க் ஷேர்ஸ் பக்கத்தில், அதே பாதைக்கு ஒரு பெயர் சூட்டவும். நான் குடும்பம் என்றே பெயர் வைத்தேன்.

விருந்தினர் யாரும் திறக்கலாம் என்ற கெஸ்ட் வசதி சுலபமாகத் தோன்றும். அதனை டிக் செய்யாதீர்கள். பாதுகாப்பும் இல்லை, விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு போன்றவை பாஸ்வேர்ட் இல்லாத ஷேர்களைத் திறக்கவும் பல நேரங்களில் மறுக்கின்றன. அதற்குப் பதில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்கு சம்பா பாஸ்வேர்ட் கொடுத்து, அந்த போல்டரில் எழுதும் உரிமையையும் தர வேண்டும். இதற்கு மட்டும் கமாண்ட் விண்டோவில் சில வரிகள் டைப் செய்ய வேண்டியிருக்கும். அந்த வரிகள் திட்டத்தின் தளத்தில் சம்பா பற்றிய பக்கத்தில் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. பார்த்து அப்படியே டைப் செய்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் பைல் எக்ஸ்புளோரர் முகவரிக் கட்டத்தில் இரண்டு பேக் ஸ்லாஷ் அமைத்து, தொடர்ந்து சாதனத்தின் ஐ.பி. எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள். நீங்கள் சூட்டிய பெயரில் போல்டர் தெரியும். பேக் அப் டிஸ்கிலிருந்து பைல்களை இதற்கு மாற்றலாம். மாற்றிய பின்னும் பேக் அப்பை அழிக்காதீர்கள்.

இதனால் கிடைப்பது என்ன?

ஓட்டைகள் கண்டறியப்பட்டால் அப்டேட் வரும் ஒரு சிஸ்டத்திற்கு மாறுகிறீர்கள். இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் பைல்களைப் பெறும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். பழைய நாஸ் சாதனங்கள் பலவற்றிற்கு இதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை வைரஸ் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், அதனை மைக்ரோசாப்ட் தானாக இன்ஸ்டால் செய்வதை நிறுத்தத் தொடங்கியது. பழைய நாஸ் புதிய லேப்டாப்பில் தெரியவில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைச் சரிசெய்ய விண்டோஸில் பழைய பதிப்பை மீண்டும் இயக்குமாறு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சம்பா4 புதிய பதிப்புகளைப் பேசும் என்பதால் அதற்குத் தேவையே இருக்காது.

இண்டர்நெட்டிற்குக் கதவைத் திறக்காதீர்கள்

சிஸ்டத்தை மாற்றி விட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருந்து விட முடியாது. 2021ல் தாக்கப்பட்ட சாதனங்கள் இண்டர்நெட்டிலிருந்து நேரடியாகத் தொடக் கூடியவையாக இருந்தன. சிலவற்றில் உரிமையாளரே ரௌட்டரில் வழி அமைத்திருந்தார். மற்றவற்றில் யு.பி.என்.பி. என்ற வசதி, கேட்காமலேயே அந்த வழியைத் திறந்து விட்டிருந்தது.

உங்கள் ரௌட்டர் பக்கத்தில் யு.பி.என்.பி. என்பதைத் தேடி, தேவை இல்லை என்றால் நிறுத்தி விடவும். போர்ட் பார்வர்டிங் பட்டியலில் நாஸ் சாதனத்தின் எண் இருந்தால் நீக்கவும். வெளியூரிலிருந்து வீட்டு பைல்களைப் பார்க்கும் வசதி இதனால் கிடைக்காது. பரவாயில்லை. அந்த வசதிக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை ஏற்கனவே பார்த்து விட்டோமே!

வாசகர்களுக்கு எழக்கூடிய சில கேள்விகள்

மொபைல் ஆப் மூலம் போட்டோ பார்த்து வந்தேன். அது இனி இயங்குமா?
இயங்காது. நிறுவனத்தின் ஆப், அதன் பழைய பர்ம்வேரை எதிர்பார்த்து எழுதப்பட்டது. வீட்டு வை-பி இணைப்பில் இருக்கும்போது, நெட்வொர்க் போல்டர்களைத் திறக்கும் ஏதேனும் ஒரு பைல் மேனேஜர் ஆப் மூலம் பார்க்கலாம்.

புதிய பதிப்பு வந்தால் எப்படி மாறுவது?
இப்போது சிஸ்அப்கிரேட் என்ற பைலை நிர்வாகப் பக்கம் வழியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் சிஸ்டமும் உங்கள் பைல்களும் ஒரே டிஸ்கில் இருப்பதால், டிஸ்க் பிரிக்கப்பட்ட அட்டவணை மாற்றப்படும் வாய்ப்பு உண்டு. எனவே ஒவ்வொரு முறையும் முழு பேக் அப் எடுத்த பிறகே செய்யவும்.

வேறு நிறுவன நாஸ் வைத்திருக்கிறேன். இதே வழி பொருந்துமா?
பொருந்தாது. ஒவ்வொரு சாதனத்திற்கும் ப்ராசசர், போர்டு, பதியும் முறை ஆகியவை வேறு. உங்கள் மாடல் எண் பட்டியலில் இருந்தால் மட்டுமே, அதற்கெனத் தரப்பட்ட வழியில் செய்யவும். இல்லை என்றால், டிஸ்க் நன்றாக இருக்கும்பட்சத்தில் அதைக் கழற்றி வெளி டிஸ்காகப் பயன்படுத்துவதே நல்லது.

யார் இதைச் செய்யக் கூடாது?
பேக் அப் எடுக்க இன்னொரு டிஸ்க் இல்லாதவர்கள். டிஸ்கிலிருந்து டிக் டிக் எனச் சத்தம் கேட்பவர்கள். இவர்கள் சிஸ்டம் மாற்றுவதைப் பிறகு வைத்துக் கொண்டு, முதலில் டேட்டாவைக் காப்பாற்ற வேண்டும்.

நாஸ் இருந்தால் பேக் அப் எதற்கு?
பலரும் நினைப்பது இதுதான். நாஸ் என்பது பைல்களை வைக்கும் ஓர் இடம்; அவ்வளவே. அதில் மட்டும் இருக்கும் பைலுக்கு பேக் அப் இல்லை என்று பொருள். 2021 ஜூனில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் நாஸ் வைத்திருந்தவர்கள்தான். அதே நாளில் சாதனம் காலியாகியும் நிம்மதியாக இருந்தவர்கள், மேசை இழுப்பறையில் இன்னொரு டிஸ்க் வைத்திருந்தவர்கள். மாதம் ஒரு நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, அன்று வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, கேபிளைக் கழற்றி வைத்து விடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் செய்யாவிட்டாலும், இதை மட்டுமாவது இந்த வாரமே தொடங்குங்கள்.